பாஸ்போர்ட் மலேசியா, வீடு அண்ணா நகர்: டிக்கெட் 40 ரூபாயா, 600 ரூபாயா?

கேள்வி: நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். மலேசியக் குடியுரிமை. கணவர் திருநெல்வேலிக்காரர். கல்யாணமாகி எட்டு வருடமாகச் சென்னை அண்ணா நகரில் இருக்கிறோம். என்னிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர், இந்தியரை மணந்தவர்கள் போன்றோருக்கு இந்திய அரசு கொடுப்பது) இருக்கிறது. இங்கேதான் வேலை, இங்கேதான் வருமான வரி. விடுமுறையில் மாமனார், மாமியார், ஆறு வயது மகளோடு தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் ஓர் இடத்துக்குப் போனோம் (பெயர் போட வேண்டாம்). என் பேச்சைக் கேட்டதும் கவுன்டரில் இருந்தவர் அடையாளம் கேட்டார். பாஸ்போர்ட்டை நீட்டினேன். “மலேசியா பாஸ்போர்ட். 600 ரூபாய் மேடம்” என்றார். அப்புறம் ஓசிஐ அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். “இதுவும் வெளிநாட்டுக்காரங்களுக்குக் கொடுக்கிறதுதானே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போக, மாமனார் சங்கடப்பட்டு 600 ரூபாயைக் கட்டிவிட்டார். உள்ளே போய் எதையும் ரசிக்க முடியவில்லை. எனக்கு எது சரியான கட்டணம்? அடுத்த முறை ஆதாரைக் காட்டினால் கேள்வியே வராது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா? என்னோடு வேலை பார்க்கும் கொரியத் தோழி வேலை விசாவில் நாலு வருடமாக இங்கே இருக்கிறாள். அவளுக்கும் உள்ளூர் டிக்கெட் கிடைக்குமா? டிசம்பரில் எல்லாரும் சேர்ந்து ஆக்ரா போகிறோம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு 40 ரூபாய்தான். அதில் சந்தேகமே வேண்டாம். உங்கள் மாமனார் கட்டிய 600 ரூபாய் கேட்டிருக்கவே கூடாத பணம். சுற்றுலா வழிகாட்டியாக இருப்பதால் டிக்கெட் கவுன்டர் வாசலில்தான் என் காலைப் பொழுது கழிகிறது. உங்களுக்கு நடந்த மாதிரி வாக்குவாதங்களை அங்கே அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் இரண்டு பக்கமும் தாங்கள் சொல்வதே சரி என்று உண்மையாகவே நம்புகிறார்கள். அதனால் விதி என்ன சொல்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மத்தியத் தொல்லியல் துறை டிக்கெட் வசூலிக்கும் இடங்களை இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறது. மாமல்லபுரம், ஹம்பி போன்ற உலகப் பாரம்பரியச் சின்னங்கள் முதல் வகை. 2018 ஆகஸ்டில் திருத்திய கட்டணப்படி அங்கே இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். ரொக்கமாக இல்லாமல் ஆன்லைனில் கட்டினால் 35, 550. சித்தன்னவாசல் மாதிரி இடங்கள் இரண்டாம் வகை. அங்கே 25, 300. 2016 ஏப்ரல் வரை முதல் வகை இடங்களில் இந்தியருக்கு 10 ரூபாய், வெளிநாட்டவருக்கு 250 ரூபாய்தான். அப்போது இதே தகராறு வந்தால் பலர் போனால் போகிறது என்று கட்டிவிட்டுப் போவார்கள். வித்தியாசம் 560 ரூபாய் ஆன பிறகு யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை, இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இந்தக் கட்டணம் எதை வைத்து முடிவாகிறது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள், எத்தனை வருடமாக வரி கட்டுகிறீர்கள், என்ன மொழி பேசுகிறீர்கள், யாரைக் கல்யாணம் செய்திருக்கிறீர்கள் என்பதையெல்லாம் கட்டண விதி கேட்பதில்லை. அது பார்ப்பது குடியுரிமையை மட்டும். இந்தியக் குடிமக்கள், சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவர், பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் அமைப்பு) நாட்டவர் ஒரு பக்கம்; மற்ற எல்லாரும் இன்னொரு பக்கம். இலங்கையிலிருந்து நேற்று விமானத்தில் வந்து இறங்கியவர் இலங்கை பாஸ்போர்ட்டைக் காட்டி மாமல்லபுரத்தில் 40 ரூபாயில் உள்ளே போகலாம். நேபாளம், பூட்டான், வங்கதேசம், மாலத்தீவுக்காரர்களுக்கும் அப்படித்தான். பிம்ஸ்டெக்கில் இருப்பதால் தாய்லாந்து, மியான்மர்காரர்களுக்கும் உண்டு. மலேசியாவும் சிங்கப்பூரும் இந்த இரண்டு அமைப்பிலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு 600 ரூபாய். அவருடைய அண்ணன் இலங்கை பாஸ்போர்ட்டோடு வந்தால் 40 ரூபாய். ஒரே குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு விதமான டிக்கெட் எடுக்கும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும். ஆனால் விதி அதுதான்.

சரி, நீங்கள் மலேசியக் குடிமகள். அப்படியென்றால் 600 ரூபாய்தானே வர வேண்டும்? இங்கேதான் ஓசிஐ அட்டை வருகிறது. அந்த அட்டை உங்களை இந்தியக் குடிமகளாக ஆக்குவதில்லை. ஓட்டுரிமை கிடையாது, இந்திய பாஸ்போர்ட் கிடையாது. கவுன்டரில் இருந்தவர் “வெளிநாட்டுக்காரங்களுக்குக் கொடுக்கிறதுதானே” என்று சொன்னது அந்த அளவில் உண்மைதான். அவருக்குத் தெரியாமல் போனது அடுத்த படி. ஓசிஐ அட்டைக்காரர்களுக்கு எந்தெந்த விஷயத்தில் இந்தியர்களுக்குச் சமமான உரிமை என்பதை மத்திய உள்துறை அமைச்சகம் அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. கடைசியாக வந்தது 2021 மார்ச் 4 தேதியிட்ட எஸ்.ஓ. 1050(இ) அறிவிப்பு. தேசியப் பூங்காக்கள், வனவிலங்குச் சரணாலயங்கள், தேசிய நினைவுச் சின்னங்கள், வரலாற்று இடங்கள், அருங்காட்சியகங்கள் ஆகியவற்றின் நுழைவுக் கட்டணத்தில் ஓசிஐ அட்டைக்காரர்களும் இந்தியர்களும் சமம் என்று அதில் நேரடியாகவே இருக்கிறது. உள்நாட்டு விமானக் கட்டணமும் அந்தப் பட்டியலில் உண்டு. இது புதிதாக வந்த சலுகையும் இல்லை. பூங்காக்களுக்கு 2007-லும், நினைவுச் சின்னங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் 2009-லும் கொடுத்ததை 2021-ல் ஒரே அறிவிப்பில் சேர்த்து எழுதினார்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு வருடம் ஆகியும் கவுன்டர் வரைக்கும் ஏன் போய்ச் சேரவில்லை? ஒரு காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. உத்தரவு போட்டது உள்துறை, டிக்கெட் கிழிப்பது கலாசார அமைச்சகத்தின் கீழ் இருக்கும் தொல்லியல் துறை. கவுன்டருக்கு மேலே தொங்கும் பலகையில் இந்தியர், சார்க், பிம்ஸ்டெக், வெளிநாட்டவர் என்று இருக்கும். ஓசிஐ என்ற மூன்றெழுத்து பல இடங்களில் இருக்காது. உட்கார்ந்திருப்பவர் ஒப்பந்த ஊழியராக இருக்கலாம். கணக்கு உதைத்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் அவருக்கு. சந்தேகம் வந்தால் கூடுதல் கட்டணத்தை வாங்கிவிடுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அவர் செய்தது தவறுதான். ஆனால் அந்தத் தவறு அவருடைய மேசைக்கு மேலே எங்கேயோ ஆரம்பிக்கிறது. அவரிடம் சண்டை போட்டு ஜெயித்தாலும் அடுத்த வாரம் வேறொருவர் அந்த நாற்காலியில் இருப்பார்.

அதனால் அடுத்த முறை போகும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வரிசையில் நிற்கும்போதே ஓசிஐ அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை முதலில் நீட்டாதீர்கள். உங்கள் விஷயத்தில் கோணியது அங்கேதான் என்று நினைக்கிறேன். மலேசிய பாஸ்போர்ட்டைப் பார்த்த உடனேயே அவர் மனசுக்குள் 600 ரூபாய் டிக்கெட்டைக் கிழித்துவிட்டார். அப்புறம் எதைக் காட்டினாலும் அது பேரம் மாதிரிதான் தெரியும். அட்டையை முதலில் கொடுத்து, “நாலு பெரியவங்க, இந்தியர் டிக்கெட், அதில் ஒருத்தர் ஓசிஐ” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். கேட்டால் மட்டும் பாஸ்போர்ட். அந்த அரசிதழ் அறிவிப்பில் நுழைவுக் கட்டணம் பற்றிய பக்கத்தை ஒரு தாளில் அச்செடுத்து, அந்த வரியில் மஞ்சள் மை அடித்து, அட்டைக்குள்ளேயே மடித்து வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் இருப்பதைவிடத் தாளுக்கு மதிப்பு அதிகம். அசோகச் சிங்க முத்திரை போட்ட தாளைக் கண்ணாடித் தடுப்புக்குக் கீழே தள்ளினால் அவர் எடுத்துப் படிப்பார், இல்லையென்றால் உள்ளே இருக்கும் பராமரிப்பு உதவியாளரிடம் (அந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளும் தொல்லியல் துறை அலுவலர்) கொடுத்துவிட்டு வருவார். செல்பேசியை நீட்டினால் வாட்ஸ்ஆப்பில் வந்தது என்று நினைப்பார்.

கவுன்டரில் மறுத்தால், அங்கேயே குரலை உயர்த்தாமல் ஓரமாக ஒதுங்கி, தொல்லியல் துறையின் பராமரிப்பு உதவியாளர் எங்கே என்று கேளுங்கள். அநேகமாக ஒவ்வொரு முக்கியமான சின்னத்துக்கும் ஒருவர் இருப்பார். அவர்களுக்கு இந்த விதி தெரிந்திருக்கும், அல்லது போன் போட்டுக் கேட்கத் தெரியும். எனக்குத் தெரிந்து பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மாமனார் மாமியாரை நிழலில் உட்காரவைத்துவிட்டுப் போய்ப் பேசுங்கள். வயதானவர்கள் பக்கத்தில் நின்று சங்கடப்படும்போது நமக்கும் நிதானம் போய்விடுகிறது.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மகளுக்கும் டிக்கெட் எடுத்தீர்களா? 15 வயதுக்குக் கீழே இருந்தால், எந்த நாட்டுக் குழந்தையாக இருந்தாலும் தொல்லியல் துறை இடங்களில் கட்டணம் கிடையாது. ஆறு வயதுக் குழந்தைக்கு 40 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

இனி ஆதார் விஷயம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அதைச் செய்யாதீர்கள். ஆதார் என்பது இங்கே வசிப்பவருக்கான எண். 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்த வெளிநாட்டவரும் வாங்கலாம். ஆதார் இருப்பது குடியுரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று ஆதார் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கவுன்டரில் பெரும்பாலானவர்கள் ஆதாரைப் பார்த்ததும் 40 ரூபாய் டிக்கெட் கொடுத்துவிடுவார்கள், அது நடைமுறை. ஆனால் உங்களுக்குச் சட்டப்படியே கிடைக்க வேண்டிய உரிமையை எதற்காகப் பின்வாசல் வழியாக வாங்க வேண்டும்? ஆதாரைக் காட்டி நீங்கள் உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும், ஓசிஐ அட்டை என்றால் என்ன என்று அந்தக் கவுன்டர் கற்றுக்கொள்ளாமலே போகிறது. அடுத்து வரும் ஓசிஐக்காரர், ஆதார் இல்லாதவர், 600 ரூபாய் கட்டுவார். உங்கள் கொரியத் தோழி ஆதாரைக் காட்டினால் விஷயம் இன்னும் மோசம். அவளுக்குச் சமக் கட்டண உரிமையே இல்லை என்பதால் அது தவறான தகவல் கொடுத்து வாங்கிய டிக்கெட் ஆகிவிடும். வேலை விசாவில் இருப்பவர் அந்த மாதிரி எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஆமாம், தோழிக்கு 600 ரூபாய்தான். இதை எழுதும்போது எனக்கு மனசு ஒப்பவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வருடக்கணக்கில் குடும்பத்தோடு இருக்கும் கொரியர்களை நான் பலமுறை கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். குழந்தைகள் இங்கே பள்ளியில் படிக்கிறார்கள், மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள். இந்தச் சின்னங்களைப் பராமரிக்க இந்தியர்கள் ஏற்கெனவே வரி கட்டுகிறார்கள், அதனால் அவர்களுக்குக் குறைந்த கட்டணம் என்பதுதான் இரட்டைக் கட்டணத்துக்கு எல்லாரும் சொல்லும் நியாயம். ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வருபவர் விஷயத்தில் அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே நியாயப்படி பார்த்தால் இங்கே வரி கட்டும் வெளிநாட்டவருக்கும் 40 ரூபாய்தான் வர வேண்டும். குடியிருப்பு அனுமதியும் வருமான வரிக் கணக்கும் காட்டினால் உள்ளூர்க் கட்டணம் என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய விஷயமில்லை. அது வரும்வரை, எந்த இடத்தின் பலகையிலாவது அப்படி ஒரு வரி எழுதியிருந்தால் மட்டும் குடியிருப்பு அனுமதியைக் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள். எழுதியிருக்காத இடத்தில் வாதாட வேண்டாம். ஆன்லைனில் எடுத்து 50 ரூபாயாவது மிச்சம் பிடிக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விதி குடியுரிமையைப் பார்க்கச் சொன்னாலும், கவுன்டரில் யாரிடம் அடையாள அட்டை கேட்பது என்பதை முகமும் பேச்சும்தான் முடிவு செய்கின்றன. மணிப்பூர், மிசோரம் பக்கத்திலிருந்து வரும் நம் நாட்டுப் பிள்ளைகளை நிறுத்தி, இந்தியர்தானா என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அவமானத்தை விழுங்கிக்கொண்டு வாக்காளர் அட்டையை எடுப்பார்கள். அதே வரிசையில் கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர் யாரும் கேட்காமலே உள்ளே போய்விடுவார். கேட்பதென்றால் எல்லாரிடமும் கேட்க வேண்டும். உங்கள் மலேசியத் தமிழ் உங்களைக் காட்டிக்கொடுத்தது என்று நீங்கள் வருத்தப்பட்டிருக்கலாம். அதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

தொல்லியல் துறை அல்லாத இடங்களுக்கும் போவீர்கள் என்பதால் அதையும் பார்த்துவிடலாம். எழும்பூர் அருங்காட்சியகம், மதுரை திருமலை நாயக்கர் மகால் மாதிரி மாநில அரசு இடங்களுக்கு அவர்களுடைய கட்டணப் பட்டியல். அறிவிப்பில் இந்தியாவில் உள்ள வரலாற்று இடங்கள், அருங்காட்சியகங்கள் என்று பொதுவாகத்தான் இருக்கிறது, மத்திய அரசுடையது மட்டும் என்று இல்லை. அதனால் அங்கேயும் அட்டையைக் காட்டிக் கேளுங்கள், கொஞ்சம் அதிக நேரம் விளக்க வேண்டியிருக்கும். பத்மநாபபுரம் அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் அதை நடத்துவது கேரளத் தொல்லியல் துறை. அங்கே தமிழ்நாடு அரசைப் பற்றிப் பேசிப் பயனில்லை. முதுமலை, கோடியக்கரை போன்ற காடுகளில் நுழைவுக் கட்டணத்துக்குத்தான் சமம். வண்டிச் சவாரி, கேமரா எல்லாம் தனி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் தட்சிணசித்ரா தனியார் அறக்கட்டளையுடையது. அவர்கள் கட்டணம் அவர்கள் விருப்பம். கேட்டுப் பாருங்கள், இல்லை என்றால் விட்டுவிடுங்கள். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள்தான், ஆனால் வழிபாடு நடக்கும் கோயில்கள். அங்கே யாருக்கும் டிக்கெட் கிடையாது.

கட்டிய பணம் பற்றி. டிக்கெட் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். 560 ரூபாய் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் ஒரு மனு எழுதுங்கள். அந்த இடம் எந்தத் தொல்லியல் வட்டத்தின் கீழ் வருகிறதோ அதன் தலைமை அலுவலருக்கு எழுத வேண்டும். மாமல்லபுரம் மாதிரி இடங்களுக்கு அது சென்னை வட்டம், அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டை வளாகத்தில். டிக்கெட் நகல், ஓசிஐ அட்டையின் நகல், அரசிதழ் பக்கம், தேதி, நேரம் இவ்வளவு போதும். கவுன்டரில் இருந்தவரைத் தண்டிக்கச் சொல்லாதீர்கள். ஓசிஐ என்ற சொல்லைப் பலகையில் சேர்க்கச் சொல்லுங்கள். மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்திலும் அதையே பதியலாம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், ஆனால் அந்த உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான், உங்கள் பெயரில் போட முடியாது. கணவர் பெயரில் போடுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஓசிஐ அட்டைக்காரர்களின் கட்டணம் பற்றிக் கவுன்டர்களுக்கு என்ன எழுத்துபூர்வ உத்தரவு அனுப்பப்பட்டது, எந்தத் தேதியில் என்று கேட்டாலே போதும். உத்தரவு இல்லையென்றால், அந்தக் கேள்வி வந்த பிறகாவது ஒன்று போடுவார்கள்.

கடைசியாக ஆக்ரா. தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அதைப் பார்த்து ரயில் டிக்கெட் எடுங்கள். அங்கே கணக்கு கொஞ்சம் வேறு. ஒரே சீட்டில் தொல்லியல் துறை பணமும் ஆக்ரா வளர்ச்சி ஆணையத்தின் பணமும் சேர்ந்து இருக்கும். இந்தியருக்கு 40-உம் 10-உம் சேர்த்து 50 ரூபாய். வெளிநாட்டவருக்கு 600-உம் 500-உம் சேர்த்து 1,100. சார்க், பிம்ஸ்டெக்காரர்களுக்குத் தொல்லியல் துறையின் பங்கு மட்டும் 40 ஆகக் குறைகிறது, ஆணையத்தின் 500 குறைவதில்லை, அதனால் 540. கல்லறை இருக்கும் மேல் மண்டபத்துக்கு ஏற வேண்டுமென்றால் 2018 டிசம்பரிலிருந்து எல்லாருக்கும் தனியாக 200 ரூபாய். நீங்கள் ஓசிஐ அட்டையோடு இந்தியர் டிக்கெட் கேளுங்கள். மேலே ஏறினால் 250 ஆகும். மகளுக்கு எதுவும் வேண்டாம். கொரியத் தோழிக்கு 1,300 ரூபாய் ஆகும். பயணச் செலவை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வதாக இருந்தால், இதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.